அண்ணாச்சிக்கு ஒரு ரிவால்வர்

மும்பையில் துப்பாக்கி லைசென்ஸ் கேட்க யாருக்கும் தடையில்லை. கிடைக்க வேண்டுமானால், உயிருக்கு ஆபத்து என்பதைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும்.

2022 ஜூலை 22. கிராபர்ட் மார்க்கெட் எதிரே இருக்கும் மும்பை போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்கு நடிகர் சல்மான் கான் வந்தார். படப்பிடிப்புக்கு அனுமதி கேட்டு அல்ல, துப்பாக்கி கேட்டு. மே 29 அன்று பஞ்சாபில் பாடகர் சித்து மூஸேவாலா சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அடுத்த ஒரு வாரத்தில், ஜூன் 5 அன்று, பாந்த்ராவில் காலை நடைக்குப் போன சல்மானின் தந்தை சலீம் கான் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் ஒரு கடிதம் கிடந்தது. மூஸேவாலாவுக்கு நேர்ந்த கதிதான் உங்களுக்கும் என்றது அது. சல்மான், கமிஷனர் விவேக் பன்சால்கரைச் சந்தித்துவிட்டுத் திரும்பினார். ஆகஸ்ட் முதல் தேதி செய்தி வந்துவிட்டது: தற்காப்புக்காக அவருக்கு லைசென்ஸ் வழங்கப்பட்டது. பத்தே நாள்.

அந்த அலுவலகத்திலிருந்து மின்சார ரயிலில் அரை மணி நேரம் வடக்கே போனால் சயான். இறங்கி நடந்தால் தாராவி, தொண்ணூறு அடி சாலை. நகைக்கடைகள், பாத்திரக்கடைகள், தமிழில் பெயர்ப்பலகைகள். இங்கே நகைக்கடை வைத்திருக்கும் ஒரு திருநெல்வேலிக்காரரை எடுத்துக்கொள்ளலாம். பெயர் எதற்கு? இந்தத் தெருவில் எல்லோரும் அழைப்பது போல அண்ணாச்சி என்றே இருக்கட்டும். அவர் ஒரு கற்பனை மனிதர். ஆனால் அவர் போக வேண்டிய வழியில் கற்பனை ஏதுமில்லை. சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருக்கும் வழி அது.

அண்ணாச்சி இரவு பத்து மணிக்குக் கடையைப் பூட்டுகிறார். பையில் சரக்கு இருக்கிறது. வீடு இரண்டு சந்து தள்ளி. ஒருநாள் தொலைபேசியில் ஒரு குரல் பணம் கேட்கிறது. கேட்ட தொகையைவிட, மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று அந்தக் குரல் சரியாகச் சொன்னதுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஒரு ரிவால்வர் இருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றுகிறது.

விண்ணப்பம் போடுவதில் சிரமமில்லை. ஏ-1 என்ற படிவம். இப்போது அதை உள்துறை அமைச்சகத்தின் கணினித் தளத்தில் நிரப்ப வேண்டும். புகைப்படம், வயது, முகவரிக்கான சான்று, பழைய வழக்குகள் உண்டா, இதற்கு முன் கேட்டு மறுக்கப்பட்டதா, எந்த வகை ஆயுதம், எதற்காக என்று வரிசையாகக் கேள்விகள். மனநிலையும் உடல்நிலையும் சரியாக உள்ளன, போதைப்பழக்கம் இல்லை என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். ஆயுதத்தைக் கையாளப் பயிற்சி பெற்றதற்குச் சான்று வேண்டும். பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று உறுதிமொழி தர வேண்டும். மற்ற மாவட்டங்களில் கலெக்டர் பார்க்கும் வேலையை மும்பை போன்ற நகரங்களில் போலீஸ் கமிஷனரே பார்க்கிறார். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. துப்பாக்கி தரலாமா என்று விசாரிப்பதும் போலீஸ், தருவதும் போலீஸ்.

முதல் இடறல் ரிவால்வர் என்ற சொல்லிலேயே இருக்கிறது. சட்டத்தின் 13ஆவது பிரிவைக் கவனமாகப் படித்தால் ஒரு விசித்திரம் தெரியும். குழாயின் நீளம் இருபது அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரி இல்லாத நீளத் துப்பாக்கியை (வங்கி வாசலில் காவலாளி தோளில் தொங்குகிறதே, அந்த இரட்டைக் குழல் வகை) ஒரு குடிமகன் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால், மற்ற தடைகள் இல்லாதபோது, லைசென்ஸ் 'வழங்க வேண்டும்' என்கிறது சட்டம். மற்ற ஆயுதங்களுக்கு, தகுந்த காரணம் இருப்பதாக அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். கைக்கு அடக்கமான ரிவால்வரும் பிஸ்டலும் இந்த இரண்டாவது வகை. மறைத்து எடுத்துச் செல்லக்கூடியதைச் சட்டம் அதிகம் சந்தேகிக்கிறது. நியாயம்தான். ஆனால் நகைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தோளில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு, தாராவிச் சந்துக்குள் அண்ணாச்சி நடக்கும் காட்சியை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்தது முகவரி. தொண்ணூறு அடி சாலைக் கடைகளும் அவற்றின் பின்னாலிருக்கும் வீடுகளும் யார் பெயரில் இருக்கின்றன என்பது தனிக் கதை. பகடி, உள்வாடகை, அப்பா பெயரில் ரேஷன் கார்டு, சித்தப்பா பெயரில் மின்சார பில். 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு அதானி குழுமம் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தைப் பெற்றது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. வீட்டுக்கு இன்னொரு எண் சேர்ந்தது. எந்த முகவரியில் விசாரிக்க வருவார்கள் என்பதே பலருக்கு நிச்சயமில்லாத இடத்தில், துப்பாக்கிக்கு நிரந்தர முகவரி தர வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும்போது, ஆயுதத்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கும் இடத்தையும் காட்ட வேண்டும்.

இந்த இடத்தில் சட்டத்தின் நல்ல பக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 14ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு: போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் லைசென்ஸ் மறுக்கக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்தில் துப்பாக்கி மிராசுதாருக்கும் ஜமீன்தாருக்கும் அந்தஸ்துச் சின்னமாக இருந்ததைப் பார்த்தவர்கள் எழுதிய சட்டம் இது. சொந்த வீடு இல்லாதவர் என்பதால் அண்ணாச்சியை ஒதுக்க முடியாது. காகிதத்தில்.

காகிதம் பிறகு தாராவி போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிறது. உள்ளூர் நிலைய அதிகாரியின் அறிக்கை இல்லாமல் லைசென்ஸ் இல்லை. ஆள் எப்படி, அக்கம்பக்கத்தில் பெயர் எப்படி, குடும்பத்தில் தகராறு உண்டா, ஏதாவது வழக்கில் பெயர் இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்து உண்மைதானா? அறிக்கை அங்கிருந்து உயரதிகாரிகள் வழியாக மேலே போகிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் போலீஸ் அறிக்கைக்கு முப்பது நாள் கெடு வைத்திருக்கின்றன. அறிக்கை வந்தபின் முடிவெடுக்க அறுபது நாள். ஆக மூன்று மாதம். மும்பையில் மூன்று மாதத்தில் பதில் வந்தால் அதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வார்கள்.

ஆபத்து உண்மைதானா என்ற கேள்வியில்தான் அண்ணாச்சி மாட்டிக்கொள்கிறார். மிரட்டல் வந்தது என்றால் புகார் எங்கே? எஃப்.ஐ.ஆர். எண் என்ன? தொலைபேசியில் கேட்ட குரலைப் பற்றி அவர் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் அது யார் காதுக்குப் போகும் என்ற பயம். புகார் கொடுக்காதவருக்கு ஆபத்து இல்லை என்கிறது கோப்பு. துணிந்து புகார் கொடுத்து, போலீஸ் ஆளைப் பிடித்துவிட்டால், ஆபத்து நீங்கிவிட்டது என்கிறது அதே கோப்பு. புகார் கொடுத்தும் ஆள் அகப்படாத இடைவெளியில்தான் துப்பாக்கிக்குத் தகுதி பிறக்கிறது. அந்த இடைவெளியில் அவர் உயிரோடு இருக்க வேண்டும்.

சல்மான் கானுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவரை மிரட்டிய கடிதத்துக்கு வழக்கு இருந்தது, நாடறிந்த கும்பலின் பெயர் இருந்தது. ஆபத்தும் பொய்யில்லை. 2024 ஏப்ரல் 14 விடியற்காலையில் பாந்த்ராவில் அவருடைய வீட்டின் மீது மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டார்கள். ஆகவே அவருக்கு லைசென்ஸ் கொடுத்தது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. அதே வேகம் மற்றவர்களின் கோப்புக்கு ஏன் வருவதில்லை என்பதுதான் கேள்வி.

மும்பைத் தமிழர்களுக்குப் பயம் புதிதல்ல. சிவசேனை 1966இல் பிறந்தபோது அதன் முதல் குறி தென்னிந்தியர்கள். மாதுங்காவின் ஹோட்டல் கண்ணாடிகள் உடைந்ததை நினைவு வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் அங்கே உண்டு. தாராவிக்காரர்கள் அந்தக் காலத்தில் பாதுகாப்புக்கு விண்ணப்பம் போட்ட அலுவலகம் கிராபர்ட் மார்க்கெட்டில் இல்லை. தூத்துக்குடியிலிருந்து வந்து விக்டோரியா டெர்மினஸில் சுமை தூக்கிய வரதராஜன் முதலியாரிடம் போனார்கள். படிவம் கிடையாது, டாக்டர் சான்று கிடையாது. மாதுங்கா ரயில் நிலையம் அருகே அவர் நடத்திய விநாயகர் சதுர்த்திப் பந்தலுக்கு நகரமே வந்தது. 1980களில் போலீஸ் அதிகாரி ஒய்.சி. பவார் நெருக்கியதில் வரதராஜன் சென்னைக்குப் போனார். அங்கேயே 1988 ஜனவரியில் இறந்தார். அவர் மீது இருந்த பக்தியைச் சினிமா பெரிதாக்கிவிட்டது. ஆனால் அரசாங்கத்தின் பாதுகாப்பு எட்டாத இடத்தில் வேறொருவர் கடை திறப்பார் என்பதற்கு அவர் சாட்சி. அந்தப் பாதுகாப்புக்கும் மாமூல் உண்டு.

பிறகு வந்தது 1992 டிசம்பர். பாபர் மசூதி இடிக்கப்பட்ட செய்தி வந்ததும் முதலில் கலவரம் மூண்ட இடங்களில் தாராவியும் ஒன்று. அந்த டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் நகரத்தில் 900 பேர் இறந்ததாக ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் பதிவு செய்தது. 1993 மார்ச் 12 அன்று தொடர் குண்டுகளில் 257 பேர். அடுத்த சில ஆண்டுகள் துப்பாக்கிகளின் ஆண்டுகள். ஈஸ்ட் வெஸ்ட் ஏர்லைன்ஸின் தகியுத்தீன் வாஹித் 1995இல், தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் 1997 ஜனவரியில், கேசட் அதிபர் குல்ஷன் குமார் அதே ஆண்டு ஆகஸ்டில் என்று வரிசையாக விழுந்தார்கள். செம்பூர் திலக் நகரில் வளர்ந்து, சஹகார் தியேட்டர் வாசலில் கறுப்பில் டிக்கெட் விற்ற சோட்டா ராஜன் வெளிநாட்டிலிருந்து ஆட்டி வைத்த காலம் அது. (பத்திரிகையாளர் ஜே. டே 2011இல் கொல்லப்பட்ட வழக்கில் 2018இல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.) நகரத்துக்குப் புதிய அகராதியே வந்தது. பேட்டி என்றால் லட்சம். கோக்கா என்றால் கோடி. கோடா, அதாவது குதிரை, என்றால் துப்பாக்கி.

தமிழுக்கும் இந்தக் குதிரை அந்நியமில்லை. துப்பாக்கியின் தட்டும் பாகத்துக்குத் தமிழில் பழைய பெயர் குதிரைதான். துப்பு என்றால் வலிமை என்பது நல்ல தமிழ். ஆனால் துப்பாக்கி அதிலிருந்து வரவில்லை. துருக்கியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்து சேர்ந்த சொல் அது. அடிக்கிற கருவியும் அதன் பெயரும் ஒரே கப்பலில் வந்திருக்கின்றன.

அரசாங்கத்தின் சந்தேகமும் பழையது. 1857 கிளர்ச்சியின் பயம் அடங்காத நிலையில், வைஸ்ராய் லிட்டன் 1878இல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியருக்கு லைசென்ஸ். அகிம்சையைப் போதித்த காந்தியே 1918இல் ராணுவத்துக்கு ஆள் திரட்டியபோது, ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய இந்தச் சட்டத்தைப் பிரிட்டிஷாரின் மிகக் கறுத்த செயலாகத் துண்டுப்பிரசுரத்தில் கண்டித்தார். 1931இல் கராச்சி காங்கிரஸ், ஆயுதம் வைத்திருப்பதைக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அடிப்படை உரிமை என்று தீர்மானம் போட்டது. சுதந்திரம் வந்ததும் மனம் மாறியது. 1948இல் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்த உரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. பிரிவினையின் ரத்தம் காயாத நேரம் அது.

நீதிமன்றமும் ஒருமுறை தடுமாறியது. பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக வந்த மார்க்கண்டேய கட்ஜு, 1993இல் அலகாபாத்தில் நீதிபதியாக இருந்தபோது, ஆயுதம் தாங்குவது உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்று தீர்ப்பளித்தார். அதே உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு பிறகு அதை ஏற்க மறுத்துவிட்டது. 2023 பிப்ரவரியில், உத்தரப் பிரதேசத்தின் கள்ளத் துப்பாக்கிகள் பற்றித் தானாகவே விசாரிக்கத் தொடங்கிய உச்ச நீதிமன்றம், அமெரிக்காவைப் போல இங்கே ஆயுதம் தாங்கும் அடிப்படை உரிமை யாருக்கும் இல்லை என்று நினைவூட்டியது. விதிவிலக்கு குடகு. அங்குள்ள கொடவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே லைசென்ஸ் தேவையில்லை. 2029 வரை அந்தச் சலுகை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் அதை உறுதி செய்தது. அண்ணாச்சி திருநெல்வேலியில் பிறந்தது அவர் துரதிர்ஷ்டம்.

மும்பை கஞ்சத்தனம் காட்டுகிறதா? காட்ட வேண்டும் என்றே சொல்லலாம். 2016 இறுதியில் உள்துறை அமைச்சகம் கொடுத்த கணக்கின்படி உத்தரப் பிரதேசத்தில் சுமார் 12.77 லட்சம் லைசென்ஸ்கள். மகாராஷ்டிரத்தில் 84,000. தமிழ்நாட்டில் சுமார் 22,500. கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுட்டு மாப்பிள்ளை வீட்டாரையே கொல்லும் பழக்கம் எந்தப் பக்கம் அதிகம் என்பதை வட இந்திய நாளிதழ்களைப் படிப்பவர்கள் அறிவார்கள். 2019 திருத்தத்தில் அதற்கென்றே இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று தனிப் பிரிவு சேர்க்க வேண்டியதாயிற்று. அதே திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. ஒன்றாகக் குறைப்பதுதான் முதல் உத்தேசம். எம்.பி.க்கள் ஒப்பவில்லை.

வாசலில் இத்தனை காவல் வைத்த மும்பைக்குப் பின்கதவு ஒன்று இருக்கிறது. நகரம் கொடுக்க மறுக்கும் லைசென்ஸை வேறு மாநிலத்தில் வாங்கிக்கொண்டு இங்கே வரலாம். உள்ளூர் போலீஸில் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. 2024 பிப்ரவரி 8 அன்று தஹிசர் பகுதியில், முன்னாள் கவுன்சிலர் அபிஷேக் கோசால்கர் ஃபேஸ்புக் நேரலையில் பேசிக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டு இறந்தார். சுட்டவர் மௌரிஸ் நொரோன்ஹா. பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். துப்பாக்கி அவருடையதல்ல. அவருடைய மெய்க்காவலருடையது. உத்தரப் பிரதேசத்தில் லைசென்ஸ் பெற்றது. மும்பையில் முறைப்படி பதிவு செய்யவில்லை என்று போலீஸ் மெய்க்காவலரைக் கைது செய்தது. தாராவி அண்ணாச்சியின் அண்டைவீட்டாரையெல்லாம் விசாரிக்கும் நகரத்துக்கு, இந்த ஆயுதம் உள்ளே வந்ததே தெரியவில்லை.

ஜம்மு காஷ்மீர் கதை இன்னும் மோசம். 2012க்கும் 2016க்கும் இடையே அங்கே 2.78 லட்சம் லைசென்ஸ்கள் தகுதியில்லாதவர்களுக்கு வழங்கப்பட்டதாக சி.பி.ஐ. கூறியது. பணம் வாங்கிக்கொண்டு வெளி மாநிலத்தவருக்கும் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

முறையான லைசென்ஸ் இருந்தால் மட்டும் நிம்மதியா? தஹிசருக்கு ஆறு நாள் முன்பு, பிப்ரவரி 2 அன்று, உல்லாஸ்நகரில் ஹில் லைன் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே ஆளுங்கூட்டணியின் இரண்டு கட்சிக்காரர்களுக்கிடையே துப்பாக்கி வெடித்தது. சிவசேனையின் மகேஷ் கெய்க்வாட் படுகாயமடைந்தார். கைதானவர் பா.ஜ.க. எம்.எல்.ஏ. கண்பத் கெய்க்வாட். துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தது. அதே ஆண்டு அக்டோபர் முதல் தேதி விடியற்காலை, நடிகர் கோவிந்தா கொல்கத்தா புறப்படும் அவசரத்தில் ரிவால்வரை அலமாரியில் வைக்கும்போது அது கைநழுவி விழுந்து வெடித்தது. குண்டு அவருடைய காலிலேயே பாய்ந்தது. லைசென்ஸ் பெற்ற ரிவால்வர், பெரிய வீடு, பூட்டு போட்ட அலமாரி என்று எல்லாம் இருந்த இடத்தில் நடந்தது இது. பத்துக்குப் பத்து அறையில் என்ன ஆகும் என்று ஒரு போலீஸ் அதிகாரி தயங்கினால் அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. பதினொரு நாள் கழித்து, அக்டோபர் 12 அன்று, முன்னாள் அமைச்சர் பாபா சித்திக் பாந்த்ராவில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடன் ஒரு போலீஸ் காவலர் இருந்தார்.

லைசென்ஸ் இல்லாத ஆயுதத்துக்குச் சட்டம் என்ன செய்யும் என்பதை நாட்டுக்குக் காட்டியவர் சஞ்சய் தத். 1993 கலவரத்தின்போது குடும்பத்துக்கு ஆபத்து என்பதால் ஏ.கே.-56 வாங்கி வைத்ததாக அவர் சொன்ன காரணம் எடுபடவில்லை. அவரிடம் ஏற்கெனவே லைசென்ஸுடன் மூன்று துப்பாக்கிகள் இருந்தன. உச்ச நீதிமன்றம் 2013 மார்ச்சில் அவர் குற்றவாளி என்பதை உறுதி செய்து, தண்டனையை ஐந்தாண்டாகக் குறைத்தது. 2016 பிப்ரவரியில் எரவாடா சிறையிலிருந்து வெளியே வந்தார்.

சரி, அண்ணாச்சிக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் செலவு பாக்கி இருக்கிறது. தனியார் இறக்குமதிக்கு 1980களின் நடுப்பகுதியிலிருந்து கதவு சாத்திக் கிடக்கிறது. பழைய வெளிநாட்டு ரிவால்வர்கள் லட்சங்களில் கைமாறுகின்றன. அரசு ஆலையின் சரக்கும் மலிவல்ல. கான்பூர் ஆலை 2014இல் பெண்களுக்கென்று வெளியிட்ட அரைக் கிலோ எடையுள்ள 'நிர்பீக்' ரிவால்வரின் விலை அப்போதே 1.22 லட்சம் ரூபாய். வாங்கியதும் அதன் எண்ணை லைசென்ஸில் ஏற்ற வேண்டும். எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதும் அதில் எழுதியிருக்கும். தேர்தல் வந்தால் போலீஸ் கூப்பிட்டு ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்லலாம். 2024இல் மும்பை இரண்டு பொதுத்தேர்தல்களைப் பார்த்தது. எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிடக் கூடாது, ஒவ்வொருவர் விஷயத்தையும் ஒரு குழு பரிசீலிக்க வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2009இல் சொல்லியிருக்கிறது. ஆனால் மிரட்டுபவன் தேர்தல் முடியும்வரை காத்திருக்கப்போவதில்லை.

சுடும் உரிமையை லைசென்ஸ் தருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. அது வைத்திருக்கும் அனுமதி மட்டுமே. எப்போது சுடலாம் என்பதைச் சொல்வது வேறு சட்டம். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவை. ஆபத்தின் அளவுக்குத் தக்கபடிதான் தற்காப்பு. பையைப் பறித்துக்கொண்டு ஓடுபவனின் முதுகில் சுட்டுவிட்டு, பிரிவு எண்ணைத் தேடிப் பயனில்லை.

புதுப்பிக்க மறந்தாலும் தொல்லை. இப்போது ஐந்தாண்டுக்கு ஒருமுறை, 2019க்கு முன்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை. சல்மான் கானே இதற்கு உதாரணம். 1998இல் ராஜஸ்தானில் மான் வேட்டை வழக்கோடு, காலாவதியான லைசென்ஸுடன் துப்பாக்கி வைத்திருந்ததாக இன்னொரு வழக்கு அவர் மீது பாய்ந்தது. அதிலிருந்து ஜோத்பூர் நீதிமன்றம் அவரை விடுவித்தபோது 2017 ஜனவரி ஆகியிருந்தது. பதினெட்டு ஆண்டுகள். மாதுங்காவின் பழைய குடும்பங்களில் இதைவிட அமைதியான வகைச் சிக்கல் ஒன்று வரலாம். தாத்தா எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது வாங்கிய வேட்டைத் துப்பாக்கி பரணில் இருக்கும். அவர் காலமான பிறகு அதைத் தொடாமல் அங்கேயே விட்டு வைப்பது குற்றம். போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும்.

மறுத்துவிட்டால்? காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், கேட்டால் சுருக்கமாகவாவது தர வேண்டும் என்கிறது 14ஆவது பிரிவு. பொதுநலனுக்கு ஆகாது என்று அதிகாரி கருதினால் தராமலும் இருக்கலாம். கமிஷனரின் மறுப்பை எதிர்த்து மாநில உள்துறையிடம் மேல்முறையீடு செய்யலாம். அதைக் கேட்பவர் அமைச்சர். போலீஸின் கஞ்சத்தனத்துக்கு இது ஒரு மருந்துதான். ஆனால் மருந்து யாருக்குக் கிடைக்கிறது என்பது 2025 அக்டோபரில் சர்ச்சையானது. புனே போலீஸ் கமிஷனர் மறுத்த ஒரு விண்ணப்பத்தை உள்துறை இணை அமைச்சர் யோகேஷ் கதம் மேல்முறையீட்டில் ஏற்றிருந்தார். விண்ணப்பித்தவர் பெயர்பெற்ற ரவுடி ஒருவரின் சகோதரர். அவர் மீதான வழக்குகளில் விடுதலையாகிவிட்டார் என்பது அமைச்சர் தரப்பின் விளக்கம். எதிர்க்கட்சிகள் ராஜினாமா கேட்டன. புனே போலீஸ் அந்த லைசென்ஸைக் கடைசிவரை கையில் கொடுக்கவில்லை.

மேல்முறையீட்டுக்கு வக்கீல் வேண்டும், மந்திராலயாவுக்கு நடக்கக் கால் வேண்டும், உள்ளே போக ஒரு ஆள் வேண்டும். அண்ணாச்சியிடம் இருப்பது கடைக்கு ஒரு நாள் விடுமுறை விடும் துணிச்சல் மட்டும். அவருடைய விண்ணப்பம் இன்னும் உள்ளூர் அறிக்கைக்காகக் காத்திருக்கிறது. அறிக்கை எழுத வேண்டியவருக்குப் பந்தோபஸ்து வேலை வந்துகொண்டே இருக்கிறது: விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி, அமைச்சர் வருகை. அவரும் ஒருநாள் கடைக்கு வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், டீ குடித்தார், மிரட்டலுக்கு எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் அண்ணாச்சி.

இதற்கிடையில் கடை வாசலில் இரண்டாவது காமிரா மாட்டியாகிவிட்டது. இரவு பத்து மணிக்குப் பூட்டிய கடையை இப்போது எட்டரைக்கே பூட்டுகிறார்கள். பையை மச்சினன் தூக்கிக்கொண்டு வேறு சந்து வழியாகப் போகிறான். மகளைப் பள்ளியில் விட்டு, அழைத்து வருவது அண்ணாச்சியின் மனைவி.